திங்க் டைம் தொண்ணூறு நிமிடம்

1. ஒரே நாளில் சேர்க்கை

அந்த வெள்ளிக்கிழமை காலை எங்கள் அலுவலகச் சுவரில் ஐம்பத்தைந்து அங்குல டிவி ஒன்று புதிதாக ஏறியிருந்தது. அதில் கிரிக்கெட் ஓடவில்லை. பச்சை எழுத்தில் சில எண்கள் மட்டும் ஓடின. அவற்றைப் பார்ப்பதற்காக எம்.டி. வயிரவன் சார் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

காரைக்குடி செக்காலை ரோட்டில், பாத்திரக் கடை ஒன்றின் மேல் இரண்டாவது மாடி. கல்லூரிகளுக்கு இணையவழிச் சேர்க்கை நடத்திக் கொடுப்பது எங்கள் தொழில். பிள்ளைகள் விண்ணப்பத்தை நிரப்பி, சான்றிதழ்களை ஏற்றி, 'சமர்ப்பி' என்ற பொத்தானை அழுத்துவார்கள். அதை வாங்கி வைக்கிற சர்வர்களுக்கு நாங்கள் பொறுப்பு. சர்வர்கள் மும்பையில் எங்கோ வாடகைக்கு இருந்தன. பொறுப்பு மட்டும் காரைக்குடியில் இருந்தது. மும்பைக்குச் சூடம் காட்ட முடியாது என்பதால், திறப்பு நாளன்று டிவிக்குச் சந்தனம் வைத்துக் காட்டினார்கள்.

அன்று ஒரு பெரிய கல்விக் குழுமத்தின் நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம். காலை பத்துக்குத் திறந்து மாலை ஆறுக்கு மூடிவிட வேண்டும் என்பது அதன் தாளாளரின் ஆசை. 'ஒரே நாளில் சேர்க்கை' என்று சிவகங்கை வரைக்கும் ஃபிளெக்ஸ் வைத்திருந்தார். ஃபிளெக்ஸில் மாணவி ஓரமாகச் சிரித்தாள். தாளாளர் நடுவில் சிரித்தார்.

நான் ஸ்டெல்லா. தேவகோட்டைக்காரி. பதினாறு ஆண்டுகள் பள்ளியில் கணக்கு டீச்சர். அந்த வேலை ஓய்ந்த பிறகு மென்பொருள் டெஸ்டிங் கற்றுக்கொண்டு இங்கே வந்தேன். இந்தத் திறப்புக்கு லோடு டெஸ்ட், அதாவது எவ்வளவு கூட்டத்தை இணையதளம் தாங்கும் என்ற சோதனை, நடத்தி, 'நான்கு சர்வர் தாங்கும்' என்று எழுதிக் கொடுத்தது நான்தான். எனவே அன்று எனக்குப் பட்டுச் சேலை இல்லை.

பத்து மணிக்குத் திறந்தோம். உள்ளே வந்தவர்களின் எண்ணிக்கை நன்றாக ஏறியது. பத்தரை வரை விண்ணப்பங்களும் வந்தன. அப்புறம் ஒன்று நடந்தது. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், விண்ணப்பம் மட்டும் நின்றுவிட்டது.

"சி.பி.யு. ஒம்பது பெர்சன்ட்டு!" என்றார் வயிரவன் சார், சர்வர்களின் வேலைப்பளு எண்ணைப் பார்த்து. "பாத்தீகளா? நாலு சர்வரே அதிகம் போல. ரெண்டு போதும்."

சிஸ்டம் அட்மின் ஷேக் என் பக்கம் குனிந்து, "அக்கா, கல்யாண வீட்டுல எல்லாரும் உக்காந்திருக்காக, யாரும் எலைல கை வைக்கல. எனக்குச் சரியாப் படல" என்றான்.

பன்னிரண்டு மணி. பன்னிரண்டு மணி ஒரு நிமிடம். டிவியில் பச்சை எழுத்தெல்லாம் சிவப்பாயிற்று. இரண்டு நிமிடத்தில் சிவப்பும் போய், வெறும் வட்டம் ஒன்று சுற்றியது. இணையதளம் படுத்துவிட்டது.

மூன்று மணி வரை ஷேக் தண்ணீர்கூடக் குடிக்காமல் சர்வர்களை மூடித் திறந்தான். மூன்றுக்குத் தளம் எழுந்து நின்றது. ஒரு சுணக்கமும் இல்லை, அவ்வளவு வேகம். வயிரவன் சார் எல்லாருக்கும் காபி சொன்னார். தாளாளருக்குப் போன் போட்டு, "சின்ன டெக்னிக்கல் கிளிச்சு, இப்ப ராக்கெட்டு மாதிரிப் போகுது" என்றார்.

நாலரைக்கு மறுபடி படுத்தது. இந்த முறை எழவில்லை.

2. கல்லலிலிருந்து வந்தவர்

மறுநாள் காலை அலுவலகம் திறப்பதற்கு முன்பே ஒருவர் படிக்கட்டில் நின்றார். கையில் பிளாஸ்டிக் ஃபைல். கல்லல் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். பெயர் கருப்பையா. மகள் செல்விக்கு நர்சிங் போட வேண்டும்.

"வெப்சைட்டு செத்துப்போச்சுன்னாக. அதான் கையிலயே குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று ஃபைலை நீட்டினார்.

கையில் வாங்க வழியில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உட்காரச் சொன்னேன். "எத்தனை மணிக்குண்ணே போட்டீக?"

"பத்து மணிக்கே பிரவுசிங் சென்டருக்குப் போயிட்டம் தாயி. பத்தரைக்குள்ள எல்லாம் அடிச்சாச்சு. போட்டோவும் ஏத்தியாச்சு."

"அப்ப ஏன் அழுத்தல?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கணக்கு டீச்சராக இருந்த நாளில் நான் பிள்ளைகளைப் பார்த்த பார்வை அது.

"பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிச்சிருச்சுல்ல? பன்னெண்டு வரைக்கும் உக்காந்திருந்தம். சென்டரே அப்படித்தான் உக்காந்திருந்துச்சு. பன்னெண்டானதும் எல்லாரும் ஒண்ணா அழுத்துனம். 'மறுபடியும் லாகின் பண்ணு'ன்னு வந்துச்சு. அடிச்சதெல்லாம் போச்சு. சரி மூணு மணிக்குப் போடலாம்னா, அது எமகண்டம். நாலரைக்கு ஒக்காந்தா உங்க வெப்சைட்டே போச்சு."

ராகு காலம் தெரியாதவள் அல்ல நான். நாங்கள் மூன்று தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். அப்படியும் என் கல்யாணப் பேச்சுக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரத்தை முடிவு செய்யுமுன், அப்பா நாள்காட்டியை ஒரு தரம் ஓரக்கண்ணால் பார்த்தார். ஆனால் அந்த நாள்காட்டி ஒரு லோடு கிராஃபுக்குள் வரும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

லோடு டெஸ்ட்டில் 'திங்க் டைம்' என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பொத்தானை அழுத்த மனிதர் எடுத்துக்கொள்ளும் நேரம். நான் வாங்கிய மென்பொருளில் அது எட்டு வினாடி என்று ஏற்கெனவே போட்டிருந்தது. யார் போட்டது, எந்த ஊர் மனிதரைப் பார்த்துப் போட்டது என்று நான் கேட்கவில்லை. அப்படியே விட்டிருந்தேன். கருப்பையா அண்ணனின் திங்க் டைம் தொண்ணூறு நிமிடம்.

அவருடைய போன் நம்பரை எழுதிக்கொண்டு, "மறுபடி தேதி போடுவாக, நானே கூப்புடுறேண்ணே" என்றேன். அவர் ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்தார். "புள்ள ராத்திரி சாப்புடல தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த 'தாங்கும்' என்ற சொல்லை எழுதிய கை என்னுடையது என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

3. ஏழு நாளுக்கு ஏழு பள்ளம்

தாளாளர் அன்று வந்த விண்ணப்பங்களையே ரத்து செய்தார். மூன்று வாரத்தில் மறு விண்ணப்பம், இன்னொரு தடவை படுத்தால் ஒப்பந்தம் இல்லை என்றார். அவர் போனால் எங்கள் கம்பெனியில் மிஞ்சுவது டிவி மட்டும்தான்.

திங்கள்கிழமை வயிரவன் சார் எல்லாரையும் கூட்டி, "நமக்கு ஒரு கெபாசிட்டி பிளானர் வேணும்" என்றார். எவ்வளவு கூட்டம் வரும், எத்தனை சர்வர் வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிறவர்; அந்தச் சொல்லை சார் முந்தைய நாள்தான் எங்கோ கேட்டிருந்தார். "ஸ்டெல்லா, நீங்க மேத்ஸ்தான? நீங்களே பண்ணிருங்க." சம்பளம் அதேதான். கதவில் பெயர்ப்பலகை மட்டும் மாறியது.

படித்தேன். கல்லூரியில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பாடத்தில் தேர்வுக்காக உருப்போட்டு மறந்த வரிசைக் கணக்கு முழுவதையும் மறுபடி எடுத்தேன். அதன் அரிச்சுவடி மிக எளிது. நிமிடத்துக்கு நாற்பது பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் ஒன்பது நிமிடம் உள்ளே இருக்கிறார்கள் என்றால், எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் உள்ளே முந்நூற்று அறுபது பேர். அதே நாற்பது பேர் தொண்ணூறு நிமிடம் இருந்தால் மூவாயிரத்து அறுநூறு பேர். வருகிற கூட்டம் கூடவில்லை. போகிற கூட்டம் நின்றது. நான் டெஸ்ட் செய்தது முதல் கணக்குக்கு. நடந்தது இரண்டாவது கணக்கு.

அதுமட்டும் என்றால் சமாளித்திருக்கும். எங்கள் தளத்தில் இருபது நிமிடம் ஒருவர் எதையும் தொடாமல் இருந்தால் வெளியே தள்ளிவிடும் வழக்கம் இருந்தது. பாதுகாப்பாம். ஆகவே காத்திருந்த அத்தனை பேரும் பன்னிரண்டு மணிக்கு அழுத்தியபோது, தாங்கள் எப்போதோ வெளியே தள்ளப்பட்டதைக் கண்டு, ஒரே நிமிடத்தில் மறுபடி லாகின் செய்ய வந்தார்கள். லாகின்தான் எங்கள் சிஸ்டத்திலேயே கனமான வேலை. டேட்டாபேஸ் வாசலில் ஒரு சர்வருக்கு ஐம்பது பேர் என்று மொத்தம் இருநூறு பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் வெளியே வரிசை. சி.பி.யு. கடைசிவரை சும்மாதான் இருந்தது, ஏனென்றால் வரிசையில் நிற்பதற்கு சி.பி.யு. தேவையில்லை.

நாங்கள் வேலை செய்து கொடுத்த மற்ற கல்லூரிகளின் பழைய லாக், யார் எப்போது அழுத்தினார்கள் என்ற பதிவு, முழுவதையும் ஷேக் இறக்கிக் கொடுத்தான். கிழமைவாரியாகப் பிரித்து, கால் மணிக்கு ஒரு புள்ளி வைத்தேன். திங்கள் ஒன்பதுக்கு முன்னால் ஒரு பள்ளம். செவ்வாய் மூன்று முதல் நாலரை ஒரு பள்ளம். புதன் பன்னிரண்டிலிருந்து. வியாழன் ஒன்றரையிலிருந்து. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னால் ஒரு மலை.

ஷேக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அக்கா, இது லோடு கிராஃபா, டெய்லி கேலண்டரா?"

4. பெயர் மாற்றம்

இதை வயிரவன் சாரிடம் காட்ட செவ்வாய் மூன்று மணிக்கு மீட்டிங் போட்டேன். இரண்டரைக்கு மெசேஜ் வந்தது: கொஞ்சம் வேலை இருக்கிறது, நாலு நாற்பதுக்கு வைத்துக்கொள்ளலாம். ஷேக் அந்த மெசேஜையும் கிராஃபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சிரிப்பை அடக்க வெளியே போய்விட்டான்.

நாலு நாற்பதுக்கு சார் வந்தார். முதல் ஸ்லைடைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

"என்னம்மா இது? ராகு காலம்னு போட்டிருக்கீக. நாம நடத்துறது ஐ.டி. கம்பெனியா, ஜோசிய நிலையமா? சிங்கப்பூர்ல பதினோரு வருசம் இருந்தேன். இந்த மாதிரி ஒரு ஸ்லைடு அங்குட்டு எவனும் காட்டுனதில்ல."

"நான் நம்பச் சொல்லல சார். நம்புறவக எத்தனை பேருன்னு எண்ணியிருக்கேன், அவ்வளவுதான்."

"படிச்சவகல்லாம் இதைப் பாக்குறதில்லம்மா."

"சரி சார். இந்த மீட்டிங்கு ஏன் மூணு மணிக்கு வேணாம்னீக?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது வேற" என்றார்.

அரை மணி விவாதத்துக்குப் பிறகு ஒரு சமரசம் வந்தது. கிராஃப் இருக்கலாம், பெயர் இருக்கக் கூடாது. ராகு காலம் 'கல்ச்சரலி டிஃபர்டு சப்மிஷன் விண்டோ', அதாவது பண்பாட்டால் தள்ளிப்போகும் சமர்ப்பிப்பு நேரம், ஆயிற்று. எமகண்டம் அதன் 'செகண்டரி விண்டோ'. தாளாளரிடம் வயிரவன் சாரே விளக்கினார். தாளாளர் பயபக்தியோடு கேட்டு, "பாருங்க, அமெரிக்காக்காரன் என்னல்லாம் கண்டுபிடிக்கிறான்" என்றார்.

வேலையை வேகமாக முடித்தோம். வெளியே தள்ளும் நேரத்தை நான்கு மணி நேரமாக்கினோம். ஒவ்வொரு பக்கத்தையும் நிரப்ப நிரப்பச் சேமிக்க வைத்தோம், எது நடந்தாலும் அடித்தது போகாது. 'சமர்ப்பி' அழுத்தினால் உடனே ஒரு ரசீது எண், மற்ற சரிபார்ப்பெல்லாம் பின்னால் மெதுவாக. ஒரே நாளுக்குப் பதிலாக வியாழன், வெள்ளி, சனி மூன்று நாள் கேட்டேன். தாளாளர் ஃபிளெக்ஸை நினைத்து வருந்தினாலும் ஒப்புக்கொண்டார். வியாழனைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். அன்று காலை ஏழரை முதல் ஒன்றரை வரை எந்தத் தடையும் இல்லை. கூட்டம் பரந்து வரும். நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டு, தாராளமாகவே பன்னிரண்டு சர்வர் எழுதிக் கொடுத்தேன். இந்த முறை 'தாங்கும்' என்று எழுதுமுன் மூன்று முறை சரிபார்த்தேன்.

5. வராத கூட்டம்

வியாழன் காலை எட்டு மணிக்குத் திறந்தோம். பத்து மணி வரை வந்த விண்ணப்பங்களை விரல் விட்டு எண்ணலாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் எண்ணுவதற்கு ஒரு மனிதர் போதும். என் கணக்கு சொன்னதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

"கெபாசிட்டி பிளானிங்கு!" என்று வயிரவன் சார் டிவியைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்க்காமல்.

தளத்தில் கோளாறா என்று ஷேக் எல்லா இடத்திலும் பார்த்தான். ஒன்றுமில்லை. மதியம் வரை பார்த்துவிட்டு, கருப்பையா அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, செல்விக்கு இன்னும் போடலையா?"

"இன்னைக்கி அஷ்டமில்ல தாயி. புள்ள படிப்புக்கு அஷ்டமில போய்ப் போடுவமா?"

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு நவமி. சனிக்கெழம தசமி. காலைல ராகு காலம் முடியட்டும், பத்தரைக்கு மேல போட்டுருவம். எங்க ஊருல எல்லாருமே அப்படித்தான் வச்சிருக்காக."

போனை வைத்துவிட்டு என் கிராஃபைத் திறந்தேன். நான் கிழமைவாரியாகச் சராசரி எடுத்திருந்தேன். அஷ்டமி கிழமை பார்த்து வருவதில்லை. ஒரு மாதம் செவ்வாய், மறு மாதம் வியாழன். சராசரி எடுத்ததில் அது தடம் தெரியாமல் கரைந்து போயிருந்தது. கேட்டிருந்தால் ஊரில் யாராயிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் லாக்கை மட்டும் கேட்டேன்.

இப்போது கணக்கு தலைகீழாகிவிட்டது. மூன்று நாளுக்குப் பிரிய வேண்டிய கூட்டம் சனி பத்தரைக்கு ஒரே வாசலில் நிற்கும். அன்று மாலை ஆறுக்கு விண்ணப்பம் மூடுகிறது. பன்னிரண்டு சர்வர் போதாது, இருபது வேண்டும்.

வெள்ளிக்கிழமையும் தளம் காற்று வாங்கியது. மதியம் வயிரவன் சார் வந்தார். "மணிக்கு மணி வாடகை ஓடுது. பன்னெண்டுல எட்டை அணைச்சிருங்க. நாலு போதும்."

"சார், நாளைக்குப் பத்தரைக்கு மொத்தமும் வரும். இருபது வேணும்."

"இப்படித்தான் நேத்து வரும்னீக. வந்துச்சா?"

நேற்று நான் தவறியது உண்மை. மனிதர் கேட்பது நியாயம். என் இடத்துக்குப் போய் ஒரு தாளில் தமிழில் எழுதினேன். நான்கு சர்வர் இருந்தால் சனி காலை பத்தரைக்கு ஒருவர் எத்தனை நிமிடம் காத்திருப்பார், எத்தனை பேர் மாலைக்குள் போட முடியாமல் போவார்கள். பன்னிரண்டு இருந்தால் எப்படி. இருபது இருந்தால் எப்படி. மூன்று வரி. கீழே, 'இதில் எது வேண்டும் என்று நான் முடிவு செய்கிறேன்' என்று ஒரு கோடு. கையெழுத்துக்கு.

சார் அதைப் படித்தார். பேனாவைத் திறந்தார். மூடினார். "என்ன ஸ்டெல்லா, கோர்ட்டுல நிக்கிற மாதிரி எழுதியிருக்கீக."

"நாளைக்கு அந்தப் புள்ளைங்க கேட்டா யாராவது ஒருத்தர் பதில் சொல்லணும்ல சார்? இருபதுன்னு சொல்லி நானும் கீழ கையெழுத்துப் போடுறேன். கூட்டம் வரலைன்னா என் பேரு கெட்டது, உங்க பேரு இல்ல."

அவர் தாளை மேசையில் வைத்தார். "நான் அணைக்கச் சொல்லல. அணைக்கலாமான்னு கேட்டேன். அவ்வளவுதான்." கிளம்பிவிட்டார். நான்கு என்பதிலும் கையெழுத்து இல்லை, இருபது என்பதிலும் இல்லை.

ஷேக் தாளை எடுத்துப் பார்த்தான். "அக்கா, இருபது வேணாம்னு அவுக எழுதலையே." மேற்கொண்டு எட்டு சர்வரை ஏற்றினான். நான் என் பெயரைக் கோட்டின் கீழ் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன். வேலை போனால் மறுபடி டியூஷன் எடுக்கலாம் என்று தேவகோட்டை பஸ்ஸில் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு போனேன்.

6. பத்தரை

சனிக்கிழமை ஒன்பது மணியிலிருந்தே உள்ளே ஆட்கள் நிறையத் தொடங்கினார்கள். நிரப்பினார்கள், ஏற்றினார்கள், அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். வயிரவன் சார் டிவிக்கு முன்னால் நின்றார். இன்று சாதாரணச் சட்டை.

பத்து இருபத்தொன்பது. பத்தரை.

கோடு செங்குத்தாக ஏறியது. சர்வர்களின் வாசலில் நிறைந்த இடம் இருபது, நாற்பது, ஐம்பது சதவீதம். அறுபத்திரண்டில் கோடு நின்று, சற்று நேரம் அப்படியே படுத்துக் கிடந்தது. பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது. பதினொன்றரைக்குள் மலை முடிந்தது. யாரும் வரிசையில் நிற்கவில்லை.

பத்து முப்பத்துநாலுக்கே என் போன் அடித்திருந்தது. "தாயி, அழுத்துன ஒடனே நம்பர் வந்துருச்சு. நெசமாவே போயிருச்சா, இல்ல சும்மா ஒரு நம்பரக் காட்டுறீகளா?"

அந்த எண்ணை வாங்கி ஷேக்கிடம் கொடுத்துத் தேடச் சொன்னேன். செல்வி, தகப்பன் பெயர் கருப்பையா, கல்லல். ஏற்கப்பட்டது. "நெசமாத்தாண்ணே" என்றேன். மறுமுனையில் ஒரு பெண் குரல், "போயிருச்சாம், அம்மா!" என்று யாரையோ கூப்பிட்டது. சட்டென்று போனை வைத்துவிட்டேன்.

7. முப்பத்தெட்டு சதவீதம்

அடுத்த வாரம் தாளாளரோடு ரிவ்யூ மீட்டிங். நன்றியெல்லாம் சொல்லிவிட்டு, அறிக்கையில் ஒரு எண்ணில் விரல் வைத்தார்.

"ஒரு பிரச்சினையும் வரல. ரொம்பச் சந்தோசம். ஆனா உச்ச நேரத்துலயே அறுபத்திரண்டு பெர்சன்ட்டுதான் ஓடியிருக்கு. மிச்சம் முப்பத்தெட்டு சும்மாதான கெடந்துச்சு? இருபது எதுக்கு? அடுத்த வருசம் பதிமூணு போட்டா தொண்ணூத்தஞ்சு பெர்சன்ட்டு ஓடுமே."

வயிரவன் சார் என்னைப் பார்த்தார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தளம் படுத்தால் உங்கள் பெயர் ஊருக்கே தெரியும். படுக்காவிட்டால், 'இவ்வளவு எதற்கு?' என்ற கேள்வி வரும். வரிசைக் கணக்கில் அதற்குப் பதில் இருக்கிறது. ஒரு கவுன்ட்டர் பாதி நேரம் வேலையில் இருந்தால், வருகிறவர் ஓர் ஆளின் வேலை நேரம் அளவுக்குக் காத்திருப்பார். தொண்ணூறு சதவீதம் வேலையில் இருந்தால் ஒன்பது மடங்கு காத்திருப்பார். தொண்ணூற்றைந்தில் பத்தொன்பது மடங்கு. சதவீதம் கொஞ்சம்தான் ஏறும், வரிசை மலைபோல் ஏறும்.

இதையெல்லாம் சொல்ல வாய் திறந்தேன். தாளாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மூன்று நிமிடம்தான் இருந்தது. ஆகவே ஒரு வரிதான் சொன்னேன்.

"அது சும்மா கெடக்கல சார். வழி விட்டு நின்னுச்சு."